மூக்கு பொய் சொல்லாது

கேள்வி: வீடுகளுக்குப் பக்கத்தில் குப்பை ஆலை வேண்டாம் என்று மக்கள் போராடுவது சுயநலம்தானே?
– வாசகர், முகையூர்

பதில்: மூக்கைவிட நேர்மையான ஆய்வாளர் கிடையாது! திருவனந்தபுரம் நகரக் குப்பையெல்லாம் விளப்பில்சாலை கிராமத்து ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தது. நாற்றம் தாங்கவில்லை, குப்பையிலிருந்து வடிந்த கழிவுநீர் ஓடையில் கலந்தது. 2011 டிசம்பரில் ஊராட்சியே கேட்டைப் பூட்டியது. திணறிய நகரம், பிறகுதான் வீட்டிலும் வார்டிலும் உரம் தயாரிக்கப் பழகியது.

பழைய சோற்றையும் மீன் முள்ளையும் பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு அனுப்பினால், காற்றில்லாமல் அழுகி மீத்தேனும் துர்நாற்றமும் கிளம்பும். அதே சோறு காய்ந்த சருகோடு காற்றோட்டமான தொட்டியில் கிடந்தால் உரம். ஆகவே, பிரிக்கும் வேலை நம் வீட்டு வாசலிலேயே முடிய வேண்டும்.

உங்கள் ஊருக்கு ஆலை வருகிறதென்றால் கிராம சபையில் கேளுங்கள்: பிரித்த குப்பை மட்டும்தான் வருமா? கழிவுநீர் எங்கே போகும்? கிணற்றுத் தண்ணீரை யார், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சோதிப்பார்கள்? எழுத்தில் பதில் வரும்வரை தீர்மானத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். சொந்தக் கிணற்றைக் காப்பது சுயநலமல்ல, ஊர்நலம்!