கேரி பேக்கில் போன மண்

அனுப்புநர்: பெட்ரோல் பங்க்குக்குப் பின்வீட்டுக்காரன்
பெறுநர்: சுற்றுச்சூழலைக் காக்கும் பொறுப்பிலுள்ள உயர்திரு அதிகாரி அவர்கள்
பொருள்: கிணற்றில் பெட்ரோல் வாடை – மண் பரிசோதனை – நன்றி தெரிவித்தல் – தொடர்பாக

ஐயா,

‘பெட்ரோலியப் பொருள் எதுவும் கண்டறியப்படவில்லை’ என்ற தங்கள் பதில் கிடைத்தது. கிணற்றடியில் நின்று சத்தமாக வாசித்தேன். கிணறு சட்டை செய்யவில்லை. வாளித் தண்ணீரில் மயில்கழுத்து நிறத்தில் படலம் மினுங்கிக்கொண்டேதான் இருக்கிறது. லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கிற சரக்கு, ரேஷன் கார்டுகூடக் கேட்காமல் வீடு தேடி வருகிறது. இதற்குப் போய் மனுக் கொடுத்தது என் நன்றிகெட்டத்தனம்.

தங்கள் ஊழியர் மண் எடுத்த அழகை நேரில் பார்த்தவன் நான். உச்சி வெயிலில் வந்தார். பங்க் வாசலில், காற்றடிக்கும் மெஷினுக்குப் பக்கத்துப் பூந்தொட்டியோரம், கொத்தனார் கரண்டியால் ஒரு சாண் தோண்டினார். இரண்டு கை மண்ணைக் கேரி பேக்கில் போட்டு முடிச்சிட்டார். பிறகு அதை பைக் ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். வழியெல்லாம் பைக்கின் பெட்ரோல் டேங்கை உரசிக்கொண்டே போயிருக்கும். அப்படிப் போன மண்ணிலும் பெட்ரோல் இல்லை என்றால், அது சாதாரண மண்ணில்லை ஐயா, திருமண்!

ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார் என்பதால் சும்மா இருக்க முடியவில்லை. பங்க்கின் டேங்க் புதைந்திருப்பது இரண்டாள் ஆழத்தில். அங்கே கசிவது பூந்தொட்டிக்கு ஏறி வராது. கீழே இறங்கும், நிலத்தடி நீரைத் தொட்டதும் அதன்மேல் மிதந்து பரவும். மண்ணை அந்த ஆழத்தில்தான் எடுக்க வேண்டும். எடுத்ததைக் கண்ணாடிக் குப்பியில் காற்றிடைவெளியில்லாமல் அடைத்து, ஐஸில் வைத்து, உடனே ஆய்வகம் சேர்க்க வேண்டும். இல்லையேல் பெட்ரோல் வழியிலேயே ஆவியாகிவிடும். எங்கள் தெருவுக்கு வருகிற மீன்காரம்மா வஞ்சிரத்தை இதைவிடப் பத்திரமாகக் கொண்டுவருகிறார்.

பெட்ரோலில் இருக்கும் பென்சீன் ரத்தப் புற்றுநோய் தருவது. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தண்ணீரில் பென்சீனின் வாடை மூக்குக்கு எட்ட, அதைப்போலப் பல மடங்கு வேண்டும். ஆகவே வாடை போனாலும் எங்களால் நிம்மதியாக இருக்க முடியாது. 2013இல் சென்னை தண்டையார்பேட்டையில் பூமிக்கடியில் போன எண்ணெய்க் குழாய் கசிந்தபோது, வீட்டு போர்வெல்களிலேயே எண்ணெய் வந்தது. அங்கும் தெருக்காரர்கள்தான் கூச்சலிட வேண்டியிருந்தது.

இன்னொரு முறை வாருங்கள் ஐயா. டேங்க் ஓரமாக ஆழத் துளையிடுங்கள். குப்பியும் ஐஸ் பெட்டியும் மறக்க வேண்டாம். பங்க்கில் தினமும் டிப் ஸ்டிக் விட்டு எழுதும் இருப்புக் கணக்கையும் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். டேங்கில் இறங்கியது எவ்வளவு, விற்றது எவ்வளவு என்று அது சொல்லும்.

வந்தால் டீ உண்டு. கேன் தண்ணீரில்தான் போடுகிறோம், தைரியமாகக் குடிக்கலாம்.

இப்படிக்கு,
பின்வீட்டுக்காரன்