கூட் துரையின் முட்டி

சென்னைக்காரர்களுக்குத் திண்டிவனம் என்பது பஸ் பத்து நிமிஷம் நிற்கிற ஊர். அங்கிருந்து பாண்டிச்சேரிக்கோ விழுப்புரத்துக்கோ பிரிந்து போய்விட வேண்டும். கிழக்கே மரக்காணம் சாலையில் யாராவது திரும்பினால், உப்பளத்தில் ஏதோ ஜோலி இருக்கிறது என்றுதான் நினைப்பார்கள்.

நம் கட்டுரையாளர் அந்தச் சாலையில்தான் திரும்பினார். போகிற ஊர் பெருமுக்கல் என்றதுமே வீட்டில் விசாரணை ஆரம்பமாகிவிட்டது. "ரிசார்ட் இருக்கா?" இல்லை. "பீச்?" மரக்காணம் வரை போனால் உண்டு. "அப்புறம் என்னதான் இருக்கு?" ஒரு மலை இருக்கிறது. ஸ்வெட்டர் எடுத்து வைக்கிற மலை அல்ல; வயல்வெளிக்கு நடுவே எழும்பி நிற்கிற மொட்டைப் பாறைக் குன்று. குடும்பம் ஏகமனதாகப் பாண்டிச்சேரிக்குக் கிளம்பியது. அவர் டவுன் பஸ் ஏறினார்.

"இன்னாத்தப் பாக்க வந்தீங்க?" என்றார் டீக்கடைக்காரர்.

"மலைக்குங்க."

"இன்னிக்குப் பிரதோஷம்கூட இல்லீங்களே?"

"கல்வெட்டு பாக்கணும்."

"கவர்மெண்ட்ல அனுப்பிச்சாங்களா?"

"இல்லீங்க, நானாத்தான் வந்தேன்."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. டீயில் மட்டும் சர்க்கரையைத் தாராளமாகப் போட்டார்.

ஊர் அமைதியானதுதான், அவ்வப்போது ஜல்லி லாரி போகாத நேரங்களில். வட்டாரத்தில் கல்குவாரிகளுக்குக் குறைவில்லை. கடை வாசலில் அவித்த மல்லாட்டை கூறுகட்டி விற்றார்கள். இந்த விஷயத்தில் திண்டிவனத்துக்காரர்களுக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தாலும் தப்பில்லை. இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.எம்.வி. வேர்க்கடலை ரகங்கள் ஆந்திரா, கர்நாடகா வரை விளைந்திருக்கின்றன. கட்டுரையாளர் ஒரு கூறு வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஈரம் பனியன் வரை இறங்கியது.

மலை ஏறும்போதுதான் தெரிந்தது, காலை ஒன்பது மணிக்கே பாறை தோசைக்கல்லாகி இருப்பது. இங்கே சீதை குகை என்று ஒன்று உண்டு. காட்டுக்கு அனுப்பப்பட்ட சீதை லவ குசர்களைப் பெற்றெடுத்தது இங்கேதான் என்பது ஊர் நம்பிக்கை. அதே குகையில் பழங்கால மனிதர்கள் கீறிவைத்த கோட்டுருவங்களும் இருக்கின்றன. நிறைமாதக் கர்ப்பிணி இந்த மலையை எப்படி ஏறினாள் என்று யோசித்தபடியே கட்டுரையாளர் உட்கார்ந்துவிட்டார். யோசனை வேண்டுமென்றே நீண்டது.

உச்சியில் சிவன் கோயில். சுவர்களில் சோழர், சம்புவராயர் காலத்துக் கல்வெட்டுகள். இடிந்த கோட்டைச் சுவர் மிச்சங்களும் உண்டு. மேலே நின்று பார்த்தால்தான் இந்தப் பாறைக்கு ஏன் அத்தனை கிராக்கி என்பது விளங்கும். பாண்டிச்சேரியிலிருந்து வடக்கே போகிறவரும் வடக்கிலிருந்து பாண்டிச்சேரிக்கு வருகிறவரும் இதன் கண்ணில் படாமல் தப்புவது கஷ்டம்.

1760 ஜனவரி 22-ல் வந்தவாசியில் பிரெஞ்சுத் தளபதி லாலியை முறியடித்த ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், பாண்டிச்சேரியை நெருங்குகிற வழியில் மார்ச் மாதம் இந்தக் கோட்டையைத் தாக்கினார். கோட்டை கிடைத்தது, கூடவே துரையின் முட்டியில் ஒரு குண்டும் கிடைத்தது. 1782-ல் ஹைதர் அலியும் பிரெஞ்சுக்காரர்களும் சேர்ந்து கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பறித்தார்கள். பாண்டிச்சேரிக்குப் போகிற வழியில் பெருமுக்கல்லை விட்டுவிட்டுப் போக அன்று யாருக்கும் தைரியம் இல்லை. இன்று சனிக்கிழமைதோறும் கார் காராக அந்தத் தைரியசாலிகள் போகிறார்கள்.

இறங்கியபோது கட்டுரையாளரின் இரண்டு முட்டிகளும் தனித்தனியாகப் பேசின. டீக்கடை பெஞ்சில் சாய்ந்து கூட் துரையின் கதையைச் சொன்னார். கடைக்காரர் பாய்லரைக்கூட மறந்து கேட்டார்.

"அப்புறம் துரைக்கு முட்டி சரியாச்சுங்களா?"

"அடுத்த வருஷம் ஜனவரியிலயே பாண்டிச்சேரியப் புடிச்சிட்டாருங்க."

"அப்போ சரியாயிருக்கும்" என்று திருப்தியோடு எழுந்த கடைக்காரர், உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "சாருக்கு அந்த நல்லெண்ண டப்பாவ எடுத்தாம்மா. இவுருக்கும் பாண்டிச்சேரி போவணுமாம்."