சர்வரில் தூர் வாருவது எப்படி?

கேள்வி (அருப்புக்கோட்டை): பூ கமிஷன் கடைக்கு நோட் ஜேஎஸ்ஸில் எழுதிய பில்லிங் ஆப் காலையில் பறக்கிறது, சாயங்காலம் மெமரி நிறைந்து விழுகிறது. ‘மெமரி லீக்’ என்கிறார்கள். எங்கே ஒழுகுகிறது?

பதில்: எங்கேயும் ஒழுகவில்லை. பெயர்தான் குழப்புகிறது. கரை உடையாமல், மடை கசியாமல் ஒரு கண்மாய் வருஷா வருஷம் கொள்ளளவு குறைகிறதே, அதுதான் இது. வண்டல் சேர்ந்து மேடு தட்டிவிடுகிறது.

ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் வி8 எஞ்சினில் தூர் வாரவே ‘கார்பேஜ் கலெக்டர்’ இருக்கிறது. ஆனால் யார் கையிலாவது பட்டா இருக்கும் மண்ணை அது தொடாது. வேலை முடிந்த பில்லை புரோகிராமின் ஏதோ ஒரு மூலை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தால், அந்தப் பில் அங்கேயே கிடக்கும்.

கேள்வி (திருச்சுழி): அந்தப் பட்டாதாரரைப் பிடிப்பது எப்படி?

பதில்: மூன்று போட்டோ போதும். ஆப்பை ‘இன்ஸ்பெக்ட்’ வசதியோடு கிளப்பி, குரோம் டெவ்டூல்ஸில் இணைத்து, சற்று ஓடவிட்டபின் முதல் ஹீப் ஸ்னாப்ஷாட். ஒரே வகை ரிக்வெஸ்டை ஆயிரம் தடவை அனுப்பி இரண்டாவது. இன்னும் ஆயிரம் அனுப்பி மூன்றாவது. பிறகு ‘கம்பேரிசன்’ பார்வையில் ஒப்பிட வேண்டும். ஆயிரம் ரிக்வெஸ்டுக்கு ஆயிரம் என்று கூடவே ஏறுகிற பொருள் ஏதாவது தெரியும். அதைத் தொட்டால், கீழே ‘ரீடெய்னர்ஸ்’ பகுதியில் யார் யார் பிடித்திருக்கிறார்கள் என்ற வில்லங்கச் சான்றே வந்துவிடும்.

பெரும்பாலும் அங்கே நிற்பது பில் நம்பரைச் சாவியாக வைத்து நிரப்பிக்கொண்டே போகும், எல்லையில்லாத ஒரு கேஷ். இல்லாவிட்டால் நிறுத்த மறந்த டைமர், கழற்ற மறந்த லிசனர். ஒரே ஈவென்ட்டுக்குப் பத்துக்கு மேல் லிசனர் சேர்ந்தால் நோட் தானே எச்சரிக்கும். காரணம் பார்க்காமல் வரம்பை உயர்த்தி அதன் வாயை அடைப்பது பெரிய தப்பு.

ஒரு ஜாக்கிரதை: ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது ஆப் அப்படியே நின்றுவிடும்; ஹீப்பைப் போல இரண்டு மடங்கு மெமரியும் கேட்கும். பூ வரத்து நேரத்தில் வேண்டவே வேண்டாம்.

கேள்வி (பந்தல்குடி): ராத்திரிக்கு ராத்திரி ரீஸ்டார்ட் செய்தால் போதாதா?

பதில்: கரிமூட்டம் போடுகிறவரைக் கேட்டால் சொல்வார். சீமைக் கருவேலத்தை மேலாக வெட்டினால் மறுபடி தழைத்துவிடும். தூரோடு பிடுங்க வேண்டும். ரேமைக் கூட்டுவதும் அதே கதைதான். விழுகிற நேரம் தள்ளிப்போகும், அவ்வளவே.

கேள்வி (காரியாபட்டி): நம் கோடில் தப்பே இல்லை என்றால்?

பதில்: அதுவும் நடந்திருக்கிறது. 2013இல் அமெரிக்க வால்மார்ட்டின் மொபைல் சேவையில் நோட் மெமரி மெள்ள மெள்ள ஏறியது. எரன் ஹாமரின் குழு மாதக்கணக்கில் சொந்த கோடைச் சல்லடை போட்டுச் சலித்தது. கடைசியில் ஜாயென்ட் நிறுவனத்தின் டி.ஜே. ஃபான்டெய்ன் கோளாறைப் பிடித்தது நோட்டின் உள்ளே, சி பிளஸ் பிளஸ் பகுதியில். ‘ஹேண்டில் ஸ்கோப்’ என்ற ஒன்று விட்டுப்போயிருந்தது. சில வரிகளில் சரியானது. அந்த நவம்பரில் பிளாக் ஃபிரைடே கூட்டத்தின் மொபைல் போக்குவரத்தை வால்மார்ட் நோட் வழியாகவே நடத்தியது.

ஆனால் அவர்களும் சொந்த கோடை அலசி முடித்த பிறகுதான் நோட்டைச் சந்தேகித்தார்கள். காரியாபட்டி வாசகர் முதலில் அந்த மூன்று ஸ்னாப்ஷாட்டையும் எடுத்துப் பார்க்கட்டும்.