பள்ளிக்கூடத்தை வைத்துப் பக்கத்து வீட்டைப் பகைத்துக்கொள்வது எப்படி?

சேரப்பணஞ்சேரிப் பக்கம் குடிவந்து இத்தனை நாளாகியும் அக்கம்பக்கத்தோடு ஒரு மனக்கசப்புகூட இல்லையா? கரண்ட் மீட்டர் தனித்தனி, குழாய் தனித்தனி, பைக் நிறுத்தவும் இடமிருக்கிறது, எதை வைத்துத்தான் சண்டை போடுவது என்று சோர்ந்துவிடாதீர்கள். பள்ளி வயதில் ஒரு பிள்ளை இருந்தால் போதும். உங்கள் பிள்ளை அரசுப் பள்ளியிலும் பக்கத்து வீட்டுப் பிள்ளை மெட்ரிக் பள்ளியிலும் படித்தால், அல்லது நேர்மாறாக இருந்தால், பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்குக் கீழ்க்கண்ட வழிமுறைகளைப் பின்பற்றவும்.

1. நேரமும் இடமும்

ஜூன் மாதம் உத்தமம். காலையில் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையோரம் ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸுக்கு அப்பாக்கள் நிற்பார்கள். அதே இடத்தில் மஞ்சள் வேனுக்காகச் சில பிள்ளைகள் டை கட்டி நிற்கும். வேறு சில பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு ஊர்ப் பள்ளிக்கு நடந்து போகும். இரண்டு தரப்பும் ஒரே பார்வையில் படுகிற இடம் இதுதான். டீக்கடையும் பக்கத்திலேயே இருந்தால் சாட்சிக்கும் பஞ்சமில்லை.

2. முதல் கேள்வி

“பையன் எங்கப்பா படிக்கிறான்?” பதில் தெரிந்த பிறகுதான் இதைக் கேட்க வேண்டும். அரசுப் பள்ளி என்று பதில் வந்தால், “அங்கியா?” என்று மட்டும் சொல்லி டீயை ஒரு மடக்குக் குடியுங்கள். பிறகு ஆறுதல்: “பரவால்லப்பா, இப்பல்லாம் அங்கயும் நல்லாத்தான் சொல்லித் தர்றாங்களாம்.” இந்த ஆறுதலுக்கு இணையான அவமானம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

நீங்கள் அரசுப் பள்ளித் தரப்பா? ஃபீஸ் எவ்வளவு என்று கேளுங்கள். தொகை வந்ததும், “எல்.கே.ஜி.க்கே இவ்ளோவாண்ணே? அந்தக் காசுக்கு அரை கிரவுண்டு வாங்கிப் போட்டிருக்கலாமே” என்று அங்கலாயுங்கள். ஒரகடத்தில் அந்தக் காசுக்கு அரை கிரவுண்டின் வேலிக்கல்கூடக் கிடைக்காது என்பது இருவருக்கும் தெரியும். ஆனாலும் வலிக்கும்.

3. ஆயுதங்கள்

தனியார் தரப்பின் முதல் ஆயுதம் இங்கிலீஷ். விருந்தாளி வந்ததும் பிள்ளையைக் கூப்பிட்டு ரைம்ஸ் சொல்ல வையுங்கள். அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழி வகுப்புகள் வந்து பத்தாண்டுக்கு மேல் ஆகிறது என்று எவராவது இழுத்தால் டி.வி. சத்தத்தைக் கூட்டுங்கள். “அங்கல்லாம் வடக்கத்திப் பசங்களோட ஒக்காரணும்” என்பது இந்த வட்டாரத்துக்கே உரிய இரண்டாம் ஆயுதம். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவரின் பிள்ளை எழுத்துக் கூட்டித் தமிழ் படிப்பது குறையாகத் தெரிய வேண்டும். அந்தப் பிள்ளையின் அப்பா உங்களோடு ஒரே லைனில் நிற்கிறார், ஒரே கேன்டீனில் சாப்பிடுகிறார் என்பதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது.

அரசுத் தரப்புக்கு ஆயுதங்கள் அரசாணையாகவே வருகின்றன. 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், அடுத்த ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. 2021-இல் அது பொறியியல் முதலான தொழிற்படிப்புகளுக்கும் நீண்டது. மேற்படிப்புக்குப் போனால் பெண்ணுக்குப் ‘புதுமைப் பெண்’, பையனுக்குத் ‘தமிழ்ப் புதல்வன்’ என்று மாதம் 1,000 ரூபாய். அடுக்கிக்கொண்டே போங்கள். எதிராளி மூச்சுவிட இடம் கொடுக்காதீர்கள்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இந்த ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஆகவே ஐந்தாம் வகுப்பு வரை மெட்ரிக் புராணம் பாடியவர் ஆறாம் வகுப்பில் கட்சி மாறலாம். மாறும்போது ஒதுக்கீட்டைப் பற்றி மூச்சுவிடக் கூடாது. “புள்ள நாலு பேரோட பழகணும்ல” என்று சொல்ல வேண்டும்.

4. மேற்கோள் காட்டப் பெரியவர்கள்

அப்துல் கலாம் இரு தரப்புக்கும் பொது. அவர் ராமேஸ்வரத்தில் சாதாரணத் தொடக்கப் பள்ளியில் படித்ததை அரசுத் தரப்பு சொல்லும். பிறகு ராமநாதபுரத்தில் கிறித்தவத் திருச்சபை சார்ந்த சுவார்ட்ஸ் பள்ளியில் படித்ததை மற்றவர் சொல்லலாம். இரண்டையும் ஒருவரே சொல்லிவிட்டால் விவாதம் படுத்துவிடும். ஆகவே பாதிக் கதையே போதும்.

“அவங்க வாத்தியார் புள்ளையே எங்க படிக்குது?” என்பது காலத்தால் அழியாத கேள்வி. பதிலுக்கு அரசுத் தரப்பு ஈரோட்டை இழுக்கலாம்: 2011-இல் மாவட்ட ஆட்சியராக இருந்த ஆனந்தகுமார் தன் மகளை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சேர்த்தார். பத்திரிகைகள் அதைப் பெருஞ்செய்தியாக வெளியிட்டன. கலெக்டர் வீட்டுப் பிள்ளை அரசுப் பள்ளிக்குப் போவது ஏன் செய்தியாகிறது என்று மட்டும் யாரும் யோசிக்கக் கூடாது. அரசுச் சம்பளம் வாங்குகிறவர்கள் தங்கள் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளிகளில்தான் சேர்க்க வேண்டும் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2015-இல் சொன்னது. அதையும் தொட வேண்டாம். தொட்டால் பேச்சு பக்கத்து வீட்டை விட்டுக் கோட்டைப் பக்கம் போய்விடும். நமக்கு வேண்டியது பக்கத்து வீடு.

5. மறைத்து வைக்க வேண்டிய பொருள்கள்

முதலாவது, பாடப் புத்தகம். 2010-ஆம் ஆண்டுச் சமச்சீர் கல்விச் சட்டத்தை அமல்படுத்தும்படி உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்ட் 9-ஆம் தேதி உத்தரவிட்டது. அதிலிருந்து அரசுப் பள்ளிக்கும் மெட்ரிக் பள்ளிக்கும் பாடத்திட்டம் ஒன்றுதான். ஒரு வீட்டில் விலையில்லாமல் வந்த பாடம், பக்கத்து வீட்டில் விலையோடும் பழுப்பு அட்டையோடும் வந்திருக்கும். இரண்டையும் ஒரே திண்ணையில் விரிக்க விடாதீர்கள். (சி.பி.எஸ்.இ. பெற்றோர் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். உங்களுக்கு மெட்ரிக்கையும் சேர்த்து இளக்காரமாகப் பார்க்கும் உரிமை உண்டு.)

இரண்டாவது, டியூஷன். சாயங்காலம் இரண்டு பிள்ளைகளும் உட்காருவது ஒரே டியூஷன் அக்காவின் ஒரே பாயில்தான். இன்ஜினியரிங் முடித்து வேலை தேடிக்கொண்டிருக்கும் அந்த அக்கா, இரண்டு பேருக்கும் ஒரே பின்னக் கணக்கைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லித் தருகிறார். இரண்டு பேருமே தப்பாகப் போடுகிறார்கள். இது வெளியே தெரியக் கூடாது.

மூன்றாவது மிக முக்கியம்: வேலை. இந்த வட்டாரத்தில் பள்ளியைப் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது அப்பாவின் கம்பெனி அடையாள அட்டை. பெர்மனன்ட் ஆனதும் முதல் செலவு பைக், அடுத்தது மெட்ரிக். கான்ட்ராக்டில் இருப்பவர் அடுத்த பருவத்துக்கு எங்கே இருப்போம் என்று தெரியாமல் ஊர்ப் பள்ளியில் சேர்க்கிறார். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. மறைமலை நகரில் ஃபோர்டு 2022-இல் நிறுத்தியது. ஆலை மூடினால் பள்ளியும் மாறும். ஓ.டி. பார்த்து ஃபீஸ் கட்டுகிறவருக்கும் ஓ.டி.யே கிடைக்காதவருக்கும் நடுவே நடக்கிற சண்டையைக் கல்விக் கொள்கைச் சண்டைபோல நடத்துவதில்தான் திறமை இருக்கிறது.

6. கண்டிப்பாகச் செய்யக் கூடாதவை

இவற்றில் எதைச் செய்தாலும் இதுவரை பட்ட பாடு வீணாகும்.

தனியார் பள்ளிகளின் கட்டணத்தை ஒழுங்குபடுத்த 2009-இல் தமிழ்நாடு சட்டம் போட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஒரு குழு ஒவ்வொரு பள்ளிக்கும் கட்டணம் நிர்ணயிக்கிறது. குழு சொன்ன தொகை எவ்வளவு, ரசீதில் எவ்வளவு, ரசீது இல்லாமல் கொடுத்தது எவ்வளவு என்று பார்த்துவிடாதீர்கள். பார்த்தால் கோபம் பக்கத்து வீட்டிலிருந்து பள்ளி அலுவலகத்துக்கு இடம் மாறும்.

கல்வி உரிமைச் சட்டத்தைப் படிக்காதீர்கள். ஒன்றாம் வகுப்புக்குச் சேர்க்கும்போது பிள்ளைக்கோ பெற்றோருக்கோ நேர்காணல் வைப்பது அதன் 13-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் தடவைக்கே 25,000 ரூபாய் வரை அபராதம். டி.சி. தாமதமானால் அதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது 5-ஆம் பிரிவு. தெரிந்துகொண்டால் பயம் போய்விடும். பயம் போனால் பெருமையும் பாதி போய்விடும்.

அரசுப் பள்ளித் தரப்பு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு மறந்தும் போகக் கூடாது. அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா, இரண்டு வகுப்புக்கு ஒரே ஆசிரியரா என்று அங்கே கேட்கலாம். கேட்கத் தொடங்கினால் டீக்கடையில் பேச நேரமிருக்காது.

இவ்வளவையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தால் பலன் நிச்சயம். இரண்டு வீடும் பேசிக்கொள்ளாது. தனியார் பள்ளியிடம் ரசீது கேட்க ஆளிருக்காது, அரசுப் பள்ளிக்கு ஆசிரியர் கேட்கவும் ஆளிருக்காது. இப்படி ஒரு சண்டை நமக்கு வேண்டாம் என்று தோன்றுகிறவர்கள், வழிமுறை ஆறை மட்டும் அப்படியே தலைகீழாகச் செய்யுங்கள். அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டம் எப்போது என்று தலைமை ஆசிரியரிடம் நாளைக்கே கேளுங்கள். கட்டணக் குழு நிர்ணயித்த தொகையைப் பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.