வேஷதாரித் தொட்டி

புதுவீடு கட்டியவர் உங்களைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போவார். மேடையிலிருந்து அப்படியே வழிந்து இறங்கிய மாதிரி இருக்கும் வெள்ளை சிங்க்கைத் தடவிக்காட்டி, "ஒட்டே கிடையாது பாருங்க, ஒரே கல்லு" என்பார். மறுத்துப் பேசாதீர்கள், காபி கிடைக்காது. ஆனால் நமக்குள் இருக்கட்டும்: அது கல்லுமில்லை, ஒரேயும் இல்லை. அதன் வம்சாவளியைத் தோண்டிக்கொண்டே போனால் நாய் மலத்தில் போய் நிற்கும்.

நூறு வருடங்களுக்கும் முந்தைய ஐரோப்பாவில், தோலை மிருதுவாக்க நாய் மலத்தையும் புறா எச்சத்தையும் தண்ணீரில் கரைத்து ஊறவைப்பார்கள். அந்தத் தோலில் தைத்த கையுறைகளை மாட்டிக்கொண்டுதான் சீமாட்டிகள் நாடகம் பார்க்கப் போனார்கள். ஜெர்மனியின் ஓட்டோ ரோம் என்ற வேதியியலாளர், கணையத்து நொதியே அந்த வேலையைச் செய்துவிடும் என்று கண்டுபிடித்து, 1907இல் ஓட்டோ ஹாஸ் என்பவரோடு கம்பெனி தொடங்கினார். ஒட்டைப் பற்றிய கதையில் இரண்டு ஓட்டோக்கள், தற்செயல்தான்.

ரோம் 1901இல் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ந்ததோ அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் வகையை. பட்டம் கொடுத்தது அக்ரிலிக், சோறு போட்டது நாய். ஆனாலும் பழைய காதலை மனிதர் மறக்கவில்லை. 1933இல் அவருடைய கம்பெனி 'பிளெக்ஸிகிளாஸ்' என்ற பெயரில் அக்ரிலிக் பலகையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கண்ணாடி மாதிரி தெரியும், கண்ணாடி மாதிரி நொறுங்காது. நம் கதாநாயகன் போட்ட முதல் வேஷம் இது.

உலகப்போர் வந்ததும் விமானங்களுக்கு மூடியானான். ஜெர்மன் விமானத்திலும் அவன்தான், பிரிட்டிஷ் விமானத்திலும் அவன்தான். கட்சி மாறுவதற்கெல்லாம் அவன் கூச்சப்பட்டதில்லை. இடையில் பல்செட் ஈறாகவும் வேஷம் கட்டினான். அதற்கு முன்னால் ரப்பரில் செய்த ஈறுகளை மாட்டிக்கொண்டு சிரித்தவர்களுக்கு இளஞ்சிவப்பு அக்ரிலிக் ஒரு மறுபிறவி.

அடுத்த வேஷம்தான் உச்சம். குண்டடிபட்ட விமான மூடியின் சில்லுகள் விமானிகளின் கண்ணில் ஏறின. கண் அவற்றை விரோதியாக நினைக்காமல், வீட்டோடு வந்த மாப்பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டது. லண்டன் டாக்டர் ஹெரால்டு ரிட்லி இதைக் கவனித்தார். 1949 நவம்பரில் புனித தாமஸ் மருத்துவமனையில், அதே பிளாஸ்டிக்கில் செய்த லென்ஸை ஒரு கண்புரை நோயாளிக்குப் பொருத்தினார். சக மருத்துவர்கள் வாழ்த்தவில்லை, வறுத்தெடுத்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 2000இல், சர் பட்டம் கொடுத்துச் சரிக்கட்டினார்கள். அந்த ஜாதி லென்ஸை மதுரையில் ஆரோலேப் 1992 முதல் மலிவாகச் செய்யத் தொடங்கி, ஏழைகளின் கண்ணுக்கும் கொண்டுபோனது தனிப் புராணம்.

தகப்பன் வழி இது. தாய் வழிக்கு பாக்ஸைட் மண்ணிடம் போகவேண்டும். 1880களின் கடைசியில் கார்ல் யோசஃப் பேயர் (ஆஸ்பிரின் பேயர் அல்ல, இவர் வேறு வீடு) அந்த மண்ணிலிருந்து அலுமினியம் ஹைட்ராக்ஸைடு என்ற வெள்ளைத் தூளைப் பிரிக்கும் வழி கண்டார். அவர் நோக்கம் பருத்தித் துணியில் சாயம் ஒட்டவேண்டும், அவ்வளவே. அதிலிருந்து உலகத்துக்கு மலிவான அலுமினியம் கிடைத்தது; அந்த வெள்ளைத் தூளின் உறவுக்காரப் பொருள்தான், விருந்துச் சாப்பாடு முடித்து நெஞ்சைத் தடவிக்கொண்டு நாம் குடிக்கும் வயிற்றெரிச்சல் மருந்திலும் இருக்கிறது.

கல்யாணத் தரகர் அமெரிக்காவின் டூபாண்ட். 1802இல் வெடிமருந்துக் கம்பெனியாகப் பிறந்தது. நிறுவனர் தொழில் கற்றது மாபெரும் விஞ்ஞானி லவாய்சியரிடம். குருவின் தலையைப் பிரெஞ்சுப் புரட்சி வாங்கிவிட, சிஷ்யர் பிற்பாடு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அந்தக் கம்பெனியில் 1967இல் டொனால்டு ஸ்லோகம் என்ற வேதியியலாளர், மூன்றில் ஒரு பங்கு அக்ரிலிக்கையும் இரண்டு பங்கு அந்த வெள்ளைத் தூளையும் கலந்து பலகையாக்கினார். பெயர் 'கோரியன்'. பளிங்கு மாதிரி இருக்கும், மரம் மாதிரி அறுபடும். காப்புரிமைக் காலம் முடிந்ததும் சாம்சங், எல்ஜி என்று கொரியாக்காரர்களும் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஆனால் பலகை என்பது வெறும் துணி. தைக்கிறவன் பட்டறைக்காரன். உங்கள் மூலைக்கு, உங்கள் அண்டாவுக்கு அளவாக சிங்க் வேண்டுமென்றால் அவனிடம்தான் போகவேண்டும். 12 மில்லிமீட்டர் பலகையை ஓவனில் 160 டிகிரி வாக்கில் சுடவைப்பான். ரப்பர் பாய் மாதிரி தொய்யும். பதம் வருமுன் வளைத்தால் வெளிறிவிடும், பதம் தாண்டினால் அப்பளமாகக் கொப்புளிக்கும். சரியான நொடியில் எடுத்து மர அச்சின்மேல் போட்டு வாக்யூமால் அழுத்தினால் கிண்ணம்.

சதுரத் தொட்டிக்கு வேறு வித்தை. நாலு சுவர், ஒரு தரை. தரையில் வாட்டம் விட மறந்தால் அது சிங்க் இல்லை, தெப்பக்குளம். உள்மூலை கூராக நின்றால் அங்கேதான் பிற்பாடு விரிசல் விடும், அழுக்கும் குடியேறும். அதனால் வளைவு கொடுப்பான். அதே நிறத்து அக்ரிலிக் பசையில் ஹார்டனர் கலந்து ஒட்டி, கிளாம்ப் போடுவான். புதுசாகத் தொழிலுக்கு வந்தவன் ஆர்வத்தில் முறுக்கோ முறுக்கென்று முறுக்கி, பசை மொத்தத்தையும் வெளியே பிதுக்கிவிட்டு, வெறும் நம்பிக்கையால் தொட்டியை நிறுத்தி வைப்பான். அனுபவஸ்தன் பிதுங்கியதைத் துடைக்கக்கூட மாட்டான். இறுகட்டும் என்று டீ குடிக்கப் போய்விட்டு, வந்து ரூட்டரால் சீவுவான்.

அப்புறம் தேய்ப்பு. சொரசொரப்பான உப்புத்தாளில் ஆரம்பித்து நைஸான தாள் வரைக்கும். புருவம், மூக்கு, டீ கிளாஸ் எல்லாம் வெள்ளை. மதியம் பார்த்தால் மாவு மில்லிலிருந்து தப்பி வந்தவன் போல இருப்பான். அவன் இவ்வளவு பாடுபடுவது தன் வேலையின் தடயத்தை அழிக்கத்தான். ஒட்டு தெரிந்தால் திட்டு. தெரியாவிட்டால் பாராட்டு கல்லுக்குப் போகும்.

வேஷதாரிக்கு ஒரு பலவீனம் உண்டு, சூடு. கொதிக்கும் கஞ்சியை வடிக்கும்போது குழாயைத் திறந்துவிட்டு வடியுங்கள். கீறல் விழுந்தால் கவலையில்லை. மேலும் கீழும் ஒரே நிறம், தேய்த்தால் போய்விடும்.

காபி வந்துவிட்டது. வீட்டுக்காரரின் அப்பா சமையலறைக்குள் வருகிறார். கண்ணில் லென்ஸ், வயிற்றில் காலையில் குடித்த மருந்து. பல்செட்டைக் கழற்றி அந்த சிங்க்கில் அலசுகிறார். சொந்தக்காரர்கள் இத்தனை பேர் ஒரே இடத்தில் கூடியும் யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. பெரியவர் பல்லை மாட்டிக்கொண்டு சிரிக்கிறார்: "பாத்தீங்களா தம்பி, ஒரே கல்லு!"