அச்சு தனியாக வராது

டிசம்பர் பிறந்ததும் அறந்தாங்கியின் கிறிஸ்தவக் குடும்பங்கள் இரண்டு பேரைத் தேடும். ஒருவர், பண்டிகை மதியத்துக்குப் பிரியாணி போட்டுத் தரும் பாய். அவருக்கு அட்வான்ஸ் கொடுத்தால் போதும். இன்னொருவர் அச்சு அத்தை. அவருக்குப் பணிவு வேண்டும்.

அறுபதைத் தாண்டியவர். கழுத்தில் ஜெபமாலை, கையில் மஞ்சள் பை. பைக்குள் நீளக் கம்பியோடு, அச்சு முறுக்கு சுடும் ஒரு பூ அச்சு. கடையில் புது அச்சு கிடைக்காமலில்லை. ஆனால் புது அச்சு மாவை விடாது. கஞ்சித் தண்ணீரில் ஊறப்போட்டு, எண்ணெயில் காயவைத்து, முதல் ஈடு முறுக்குகளைப் பலி கொடுத்துத்தான் பழக்க வேண்டும். அத்தையின் அச்சு அவர் மாமியார் காலத்திலேயே பழகிவிட்டது. (பழகியது அச்சு மட்டும்தான். மாமியாரும் அத்தையும் கடைசிவரை பழகவில்லை என்பது தெரு அறிந்த சங்கதி.)

“அத்தை, அச்சைக் கொஞ்சம் தர்றீகளா?”

“அச்சு தனியா வராதுத்தா. நானும் வாரேன்.”

வருவார். அடுப்புக்கு எதிரே முக்காலி போட்டு உட்காருவார். அந்த நிமிஷத்திலிருந்து வீட்டுக்காரி எடுபிடி. மைதாவா, பச்சரிசி மாவா என்ற வழக்கில் தீர்ப்பு அவருடையது. தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, எள் எல்லாம் அவர் கண்ணசைவில்தான் விழும். அச்சு நன்றாகக் காய்ந்திருந்தால்தான் மாவு பிடிக்கும். முக்கால்வாசிதான் முக்க வேண்டும். மேல் விளிம்பு முழுகினால் முறுக்கு கழன்று வராது. இதையெல்லாம் நான் ஒளிந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். அத்தையிடம் கேட்டால், “கையப் பாத்துப் பழகணும்” என்பார், கையை முந்தானையால் மறைத்துக்கொண்டே.

முதலில் சுடுவது முட்டை சேராத மாவை. அது பக்கத்து வீட்டுச் சைவக்காரர்களுக்கு. முட்டை மாவு அச்சில் படுவதற்கு முன் அந்த ஈடு முடிந்தாக வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் அவரிடம் விளையாட்டே கிடையாது. தீபாவளிக்கு எந்த வீட்டு அதிரசம் எத்தனை வந்தது, ரம்ஜானில் எந்த வீட்டு நோன்புக்கஞ்சி வந்தது என்ற பேரேடு முழுவதும் அவர் தலைக்குள் இருக்கிறது. டப்பாக்கள் அதன்படிதான் நிரம்பும்.

கேக் மட்டும் அவருக்கு ஆகாது. “அது வெள்ளைக்காரன் பலகாரம்த்தா.” 1883இல் தலச்சேரியில் மம்பள்ளி பாபு சுட்டதுதான் இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்பார்கள், அதுவும் நம் நாட்டுக் கைதானே என்று ஒருமுறை சொல்லிப்பார்த்தேன். “அன்னைக்கும் நாங்க அச்சு முறுக்குத்தான் சுட்டோம்” என்றார். நார்வே, ஸ்வீடன் வீடுகளிலும் கிறிஸ்துமஸுக்கு இதேபோல் கம்பி அச்சை மாவில் முக்கித்தான் பொரிக்கிறார்கள் என்பதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த ஆண்டும் எனக்கு முறுக்கு வேண்டுமே.

விருந்து நாளில் அத்தைக்கு இலை போடாத வீடு கிடையாது. பாயின் பிரியாணியை ஒரு வாய் தின்று, “உப்பு சரியா இருக்கு” என்பார். அதற்கு மேல் பாராட்டு அவர் வாயிலிருந்து வந்ததாகச் சரித்திரம் இல்லை. போன வருஷம் சென்னையிலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளை, தான் சைவத்துக்கு மாறிவிட்டதாக அறிவித்தார். பந்தியே உறைந்துபோயிற்று. மாமனார் முகம் கறுத்தது. அத்தைதான் கைகொடுத்தார்: “விடுங்கப்பா. 1693ல ஓரியூர்ல தலையக் குடுத்தாரே அருளானந்தர், அவரே போர்ச்சுக்கல்லேர்ந்து வந்தும் இங்க கறி, மீனத் தொடாமத்தான் இருந்தாரு.” இதைச் சொல்லி முடித்துவிட்டு, மாப்பிள்ளை இலைக்கு வரவேண்டிய கறித்துண்டைத் தன் இலைக்கு மாற்றச் சொன்னார்.

அச்சு முறுக்கு சுடுகிற எண்ணம் உங்களுக்கு இருந்தால் இப்போதே அத்தையிடம் நாள் வாங்கிவிடுங்கள். 24ஆம் தேதி கேட்டுப் பயனில்லை. அன்று அவர் நள்ளிரவுப் பூசைக்கு மாலை ஆறு மணிக்கே போய் முதல் வரிசையில் இடம் பிடித்துவிடுவார்.