குழம்பில் எண்ணெய் பிரிதல்: ஒரு முதற்கட்ட ஆய்வு

தமிழ்ச் சமையல் குறிப்புகளில் மிகுதியாகப் பயின்று வருவதும், மிகக் குறைவாக விளக்கப்பட்டிருப்பதுமான தொடர் "எண்ணெய் பிரிந்து வந்ததும் இறக்கவும்" என்பது. உப்புக்குக்கூட "தேவையான அளவு" என்று ஓர் அளவு உண்டு. புளிக்கு எலுமிச்சை அளவு, நெல்லிக்காய் அளவு என்று பழக்கடையையே துணைக்கு அழைப்பார்கள். இந்த இடம் வந்ததும் மட்டும் குறிப்பு எழுதியவர் நைசாகக் கழன்றுகொள்வார். எத்தனை நிமிடம், எதிலிருந்து பிரிகிறது, பிரிந்து எங்கே போகிறது என்ற வினாக்கள் வாசகரின் தலையில் விடியும். அவற்றுள் சிலவற்றுக்கேனும் விடை காண்பது இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வெல்லை: வற்றல் குழம்பு, காரக்குழம்பு, மீன் குழம்பு. சாம்பார் இதில் அடங்காது. பருப்பு எண்ணெயை எளிதில் விடாது என்பதால் சாம்பார் வேறொரு துறையின் கீழ் வருகிறது.

முதலில் தரவு. வெளியூரில் அறையெடுத்துத் தங்கியிருக்கும் மகன்களும் மகள்களும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்குச் செய்யும் தொலைபேசி அழைப்புகளே இத்துறையின் மூலச் சான்றுகள். அவை பெரும்பாலும் ஒரே வார்ப்பில் அமைந்தவை.

"எவ்வளவு நேரம்மா கொதிக்கணும்?"

"எண்ணெ பிரியிற வரைக்கும்."

"பிரிஞ்சிருச்சுன்னு எப்படித் தெரியும்?"

"பார்த்தாத் தெரியும்டா."

இந்தக் கடைசி விடையை மழுப்பல் என்று ஒதுக்குவது நுனிப்புல் மேய்வோர் வழக்கம். சைவ சித்தாந்தம் அறிவுக்குக் காட்சி, கருதல், உரை என மூன்று அளவைகளைக் கொள்கிறது. அம்மா தருவது உரை. அந்த உரையோ நம்மைக் காட்சியிடம் அனுப்பிவைக்கிறது. 1951இல் எஸ். மீனாட்சி அம்மாள் வெளியிட்ட நூலுக்கு 'சமைத்துப் பார்' என்று பெயர். முறையியலை அட்டையிலேயே முடித்துவிட்டார். சிக்கல் என்னவென்றால், காட்சி வாய்க்க வேண்டிய நேரத்தில் இளைஞரின் கண் கைப்பேசியில் இருக்கிறது. அவருக்கு எஞ்சுவது கருதல் மட்டுமே. புகையைக் கண்டு நெருப்பைக் கருதுவது அளவை நூல்களின் பழைய எடுத்துக்காட்டு. நம் இளைஞர் புகையைக் கண்டு குழம்பு ஆகிவிட்டது என்று கருதுகிறார்.

இனி, வாணலிக்குள் நடப்பது. நல்லெண்ணெய் காய்ந்து, கடுகு வெடித்து, வெந்தயம் சிவந்து, சின்ன வெங்காயமும் தக்காளியும் குழம்புப் பொடியும் ஒன்றன்பின் ஒன்றாக விழுகின்றன. தக்காளியில் பெரும்பகுதி தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் இருக்கும்வரை கலவையின் சூடு 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். அடுப்பைக் கூட்டினால் ஆவி கூடுமே தவிர சூடு கூடாது. எண்ணெய் அப்போது நுண்துளிகளாகச் சிதறி, கூழின் பிடியில் கிடக்கிறது. தண்ணீர் வற்ற வற்றப் பிடி தளர்கிறது. துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஓரமாகக் கசிந்து பளபளக்கின்றன. தண்ணீர் போய்விட்டது என்பதற்கு எண்ணெய் தரும் அறிவிப்பு அது. அதன் பிறகுதான் சூடு 100ஐத் தாண்டும். தாண்டினால்தான் வெங்காயமும் பொடியும் வறுபட்டு, "பச்சை வாசனை போகும் வரை" என்ற இன்னொரு புகழ்பெற்ற தொடரும் நிறைவேறும்.

நிமிடக் கணக்கு ஏன் செல்லாது என்பதும் இதனால் விளங்கும். நாட்டுத் தக்காளியா பெங்களூர்த் தக்காளியா, வாணலி அகலமா குழிவா, சிலிண்டர் புதிதா தீரும் நிலையா என்பதைப் பொறுத்து நேரம் மாறும். எண்ணெய் இவற்றையெல்லாம் தானே கணக்கில் எடுத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் முகம் காட்டுகிறது. "பத்து நிமிடம் வதக்கவும்" என்று எழுதுபவரைத் துல்லியமானவர் என்றும், "எண்ணெய் பிரிய வதக்கவும்" என்று எழுதுபவரைப் பழம்போக்கினர் என்றும் கருதும் நவீன மயக்கத்தை இக்கட்டுரையாளர் வன்மையாக மறுக்கிறார்.

ஆயினும் பழைய மரபிலும் ஒரு குறை உண்டு. எண்ணெய் ஒருமுறை அல்ல, இருமுறை பிரிகிறது. வதக்கலில் ஓரம் கட்டுவது முதற்பிரிவு. புளித்தண்ணீர் ஊற்றியதும் அந்த எண்ணெய் மூழ்கிவிடும். கொதித்துச் சுண்டியபின் கண் கண்ணாக மேலே மிதந்து வருவது இரண்டாம் பிரிவு. குறிப்புகள் இரண்டையும் ஒரே தொடரால் சுட்டுகின்றன. இதன் விளைவுகள் கடுமையானவை. முதற்பிரிவிலேயே அடுப்பை அணைப்பவருக்குக் கிடைப்பது தொக்கு. குழம்பு வைக்கப் போய்த் தொக்கு கண்டுபிடித்தவர்கள் எல்லா விடுதிகளிலும் உள்ளனர். அவர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை, "இன்னிக்கு தொக்குதான் பிளான்" என்கிறார்கள்.

உலக அளவில் இத்துறைக்கு 1912ஆம் ஆண்டு முக்கியமானது. அவ்வாண்டில்தான் பிரான்ஸின் லூயி கமீல் மயார், சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் சேர்ந்து பழுப்பேறும் வினையைப் பற்றி எழுதினார். வெங்காயம் பொன்னிறமாவதில் அந்த வினைக்குப் பங்குண்டு. அதே ஆண்டில் அமெரிக்க மருந்தாளர் வில்பர் ஸ்கோவில் மிளகாயின் காரத்தை அளக்க வழி சொன்னார்: மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் மேலும் மேலும் கரைத்து, சுவைப்போர் குழுவுக்குக் காரம் தெரியாமல் போகும் வரை கொடுப்பது. குழுவில் ஐந்து பேர். நம் வீடுகளில் கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பதோடு ஆய்வு முடிகிறது. கருவிச் செலவு இல்லை, அறிக்கையும் உடனே வெளியாகும். "உப்பு ஒரு கல்லு கம்மி."

காரத்துக்கும் எண்ணெய்க்கும் உள்ள உறவை இங்கே விரித்துரைக்க வேண்டும். மிளகாயின் காரப் பொருளான கேப்சைசின் தண்ணீரில் கரைய மறுக்கும்; எண்ணெயில் நன்றாகக் கரையும். மிளகாயின் சிவப்பு நிறமிகளும் அப்படியே. எனவே மேலே மிதக்கும் சிவந்த எண்ணெய் நிறத்தையும் காரத்தையும் குழம்பிடமிருந்து வசூலித்து வைத்திருக்கிறது. நாக்கில் சூட்டை உணரும் அதே ஏற்பியைத்தான் கேப்சைசின் தட்டி எழுப்புகிறது. இதைக் கண்டறிந்ததில் பங்குள்ள டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபெல் பரிசு கிடைத்தது. முதல் பந்தியில் உட்கார்ந்த மாப்பிள்ளைக்கு மேலாகக் கோதி ஊற்றுவது மரியாதை எனப்படுகிறது. அவருக்குக் கிடைப்பது நிறமும் காரமும் மணமும். கடைசியில் உட்காரும் சமைத்தவருக்கு அடிவண்டல் எஞ்சுகிறது. மாப்பிள்ளை கண்ணீரோடு தண்ணீர்ச் செம்பைத் தேடுவார். அதனால் பயன் இல்லை. பாலிலும் தயிரிலும் உள்ள கேசின் என்ற புரதந்தான் கேப்சைசினைப் பற்றி அப்புறப்படுத்தும். குழம்பு, ரசம், மோர் என்ற வரிசையில் தீயணைப்பு நிலையம் கடைசித் தெருவில் அமைந்திருப்பது திட்டமிடல் பிழை என்றே இக்கட்டுரையாளர் கருதுகிறார்.

மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கிய பிறகே இப்பக்கம் எட்டிப் பார்த்தன. அதற்கு முன் காரத்துக்கு மிளகுதான். பிள்ளை பெற்றவளுக்கு வைக்கும் மிளகு குழம்பில் அந்தக் காலம் இன்னும் கொதிக்கிறது.

விதிவிலக்குகளைச் சொல்லாத ஆய்வு ஆய்வாகாது. மோர்க்குழம்பை நுரை கட்டி வரும்போதே இறக்கிவிட வேண்டும், கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். திருநெல்வேலிச் சொதியில் முதற்பால் ஊற்றியபின் கொதி வந்தால் அங்கும் அதே கதி. காரக்குழம்பில் பிரிந்தால் கைப்பக்குவம், சொதியில் பிரிந்தால் கைப்பிசகு. ஒரே நிகழ்வுக்குப் பக்கத்துப் பக்கத்து அடுப்புகளில் பாராட்டும் வசையும் விழுவதற்கு வேறு துறைகளில் இணை காண்பது அரிது.

இத்துறையில் போலிகளும் மலிந்துவிட்டன. சுண்டவைக்கப் பொறுமையில்லாத சில உணவகங்கள், மிளகாய்த்தூள் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைத் தனியாக வைத்திருந்து, பரிமாறும் முன் மேலாக ஊற்றுகின்றன. வீடுகளிலும், விருந்தாளி வாசலில் செருப்பைக் கழற்றும் நேரத்தில் இது நடப்பதுண்டு. கண்டுபிடிப்பது எளிது. தானாகப் பிரிந்த எண்ணெய் சட்டியின் ஓரத்தை ஒட்டிச் சிறு சிறு வட்டங்களாக நிற்கும், கலக்கினால் கூடவே சுழலும். ஊற்றிய எண்ணெய் ஏடு போல ஒரே விரிப்பாகக் கிடக்கும். அடியில் புளித்தண்ணீர் தனியே குடித்தனம் நடத்தும்.

அதைவிட ஆழமான நெருக்கடி மருத்துவர்களிடமிருந்து வருகிறது. "ஒரு டீஸ்பூன் எண்ணெய் போதும்" என்று எழுதிக் கொடுத்தபோது, அவர்கள் கொழுப்பை மட்டுமல்ல, அளவுகோலையும் சேர்த்தே வெட்டினார்கள். பிரிவதற்கு எண்ணெயே இல்லாத வாணலியில் எதைப் பார்த்து இறக்குவது? சிலர் குக்கருக்கு மாறி, விசில்களை எண்ணுகிறார்கள். மூடிய பாத்திரத்தில் தண்ணீர் வற்ற வழியில்லை. மூன்று விசிலுக்குப் பின் திறந்தாலும் குழம்பு நீர்த்தே இருக்கும். மூடியைக் கழற்றிவிட்டு மறுபடி சுண்டவைக்கத்தான் வேண்டும். விசில் பருப்புக்கு ஏற்ற அலகு. அதைக் குழம்புக்கு நீட்டிப்பது அத்துமீறல்.

மீன் குழம்பு பற்றித் தனி நூலே எழுதலாம். இரண்டாம் பிரிவு வந்த பிறகே மீனைப் போட வேண்டும், போட்டபின் கரண்டி ஆகாது, மண்சட்டியைத் துணியால் பிடித்து இரு கையாலும் ஒரு சுழற்றுச் சுழற்ற வேண்டும் என்பன மரபின் தீர்க்கமான விதிகள். மறுநாள் அது சுவை கூடுவது உப்பும் புளியும் இரவெல்லாம் சதைக்குள் இறங்குவதால். மறுநாளைக்கு மீதி வைக்கும் ஒழுக்கம் எந்தக் குடும்பத்தில் உள்ளது என்பது சமூகவியலாரின் வேலை.

தீராத சிக்கல் ஒன்று எஞ்சுகிறது. குழம்பு காலியான சட்டியில் ஒட்டியிருக்கும் எண்ணெயோடு சோறு போட்டுப் பிசைந்து உண்ணும் உரிமை யாருக்கு? கடைக்குட்டி வழக்காற்றை முன்வைக்கிறது. சமைத்தவர் உழைப்பை முன்வைக்கிறார். மீன் வாங்கி வந்தவர் முதலீட்டை. மூன்று தரப்பும் வாதிட்டுக்கொண்டிருக்கும்போது பாட்டி கைகழுவிவிட்டு வந்து சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். மேல்முறையீட்டுக்கு இடமில்லை.